தலைவர் இல்லாத ஊராட்சி: மனுவை யாரிடம் கொடுப்பது?

‘கண்மாய் வரத்துக்கால் தூர்ந்து கிடக்கிறது. ஊராட்சிச் செயலரைக் கேட்டால் தனி அலுவலரைப் பாருங்கள் என்கிறார். அவர் எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியவில்லை.’ திருமங்கலம், உசிலம்பட்டி பக்கம் போனால் விதை, உரம் பற்றிப் பேசி முடித்ததும் விவசாயிகள் என்னிடம் சொல்வது இதைத்தான்.

மதுரை மாவட்டத்தில் 13 ஒன்றியங்கள், 420 கிராம ஊராட்சிகள். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்த நம் தலைவர்கள், உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ம் தேதி முடிந்தது. வார்டு எல்லைகளைத் திருத்தி அமைக்க வேண்டும் என்று காரணம் சொல்லி, தேர்தலுக்குப் பதிலாகத் தனி அலுவலர்களை அரசு நியமித்தது. ஆறு மாதத்துக்கு என்று தொடங்கிய ஏற்பாடு அதோடு நிற்கவில்லை.

இது நமக்குப் புதிதல்ல. 2016 அக்டோபரில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அப்போதும் தற்காலிகம் என்றுதான் தனி அலுவலர்கள் வந்தார்கள். நீட்டிப்புக்கு மேல் நீட்டிப்பாக மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டது. பதவிக்காலம் ஐந்து ஆண்டுக்கு மேல் போகக் கூடாது, அது முடியும் முன்பே அடுத்த தேர்தலை நடத்திவிட வேண்டும் என்கிறது அரசியல் சட்டம். தேர்ந்தெடுத்த மன்றம் இல்லாவிட்டால் மத்திய நிதிக்குழு மானியமும் நின்றுபோகும். அந்த மூன்று ஆண்டுகளில் தமிழகத்துக்கு அப்படித்தான் நின்றது.

அதிகாரிகளைக் குறை சொல்வது என் நோக்கமல்ல, நானும் அரசு அலுவலன்தான். கோஷ்டிச் சண்டையில் முடங்கிய ஊரில் தனி அலுவலர் வந்த பிறகு குடிநீர்க் குழாய் சரியானதும் உண்டு. ஆனால் கிராம ஊராட்சிகளுக்கு வட்டார வளர்ச்சி அலுவலர்தான் தனி அலுவலர். ஒன்றியத்துக்குச் சராசரியாக 32 ஊர். மடை உடைந்த இரவில் கதவைத் தட்ட உள்ளூரில் ஒரு வீடு வேண்டாமா?

தேர்ந்தெடுத்த தலைவரின் அருமை நம் மாவட்டத்துக்குத் தெரியும். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதற்கு எழுந்த எதிர்ப்பால், 1996 முதல் பத்து ஆண்டுகள் முறையான தலைவர் இல்லை. 2006-ல்தான் அந்த நிலை மாறியது.

இப்போது செய்யக்கூடியது: கிராம சபை ஊர் வாக்காளர் அனைவருக்கும் உரியது, மன்றத்தின் பதவிக்காலத்தோடு அது முடிவதில்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கூட வேண்டும். வரத்துக்கால் வேலையைத் தீர்மானமாகக் கொண்டுவந்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் வேண்டாம். தீர்மான நகலை இணைத்து ஒன்றிய அலுவலகத்தில் மனு கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். அதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆயக்கட்டு 100 ஏக்கருக்குக் குறைந்த கண்மாய் ஒன்றியத்தைச் சேர்ந்தது, அதற்கு மேற்பட்டது நீர்வளத் துறையுடையது. இடம் மாறிப் போன மனு திரும்பி வருவதற்குள் வைகையில் தண்ணீர் திறந்துவிடுவார்கள்.