புதிய விண்டோஸும் பிள்ளைகளின் பாடமும்

விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்திற்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் கட்டணமின்றி வழங்கிவந்த வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு நின்றன. அடுத்ததாகிய விண்டோஸ் 11, 2021 அக்டோபரிலேயே வெளியாகிவிட்டதெனினும், பல இல்லங்களில் பழையதே போதுமென்று இருந்துவிட்டனர். தில்லி, மும்பை, கொல்கத்தா, ஐதராபாத் முதலிய நகரங்களில் குடியேறி வாழும் நம்மவர் வீடுகளில் பெரும்பாலும் கணினி ஒன்றே இருக்கும். தந்தையின் அலுவல் கடிதமும், மகளின் பள்ளிக் கட்டுரையும், ஊரிலுள்ள பாட்டியோடு முகம் பார்த்துப் பேசுவதும் அந்த ஒன்றிலேயே நடைபெறும். அதன் அடிப்படையையே மாற்றுவதென்றால் தயக்கம் எழுவது இயல்பே.

திருத்தங்கள் நின்றதனால் கணினி நின்றுவிடாது. நேற்றுப்போல் இன்றும் இயங்கும். ஆனால் இனிமேல் கண்டறியப்படும் பாதுகாப்புக் குறைகள் அடைபடாமல் கிடக்கும். பிள்ளைகள் பாடத்திற்கென்று பல இணையதளங்களைத் திறப்பர். அதே கணினியில் பெற்றோர் வங்கிக் கணக்கையும் பார்ப்பர். ஆகவே மாறுவதே நன்று. மாறும்போது எழும் தொல்லைகளிற் பெரும்பாலானவை சிறியவை. பொறுமையோடு பார்த்தால் தீரக்கூடியவை. பெருநஷ்டம் விளைவது தொல்லையால் அன்று, அதற்குச் செய்யும் அவசர வைத்தியத்தால்தான். "ஃபார்மட் செய்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்று தெருமுனைக் கடையில் ஒருவர் சொல்வார். கணினி சரியாகும் என்பது மெய்தான். ஓராண்டுப் பாடமும் அதனோடு துடைத்தெறியப்பட்டிருக்கும். ஃபார்மட் என்பது எல்லா வழிகளும் அடைபட்ட பின் நாடவேண்டிய கடைசி வழி. அதற்கு முன்னே உள்ள வழிகள் யாவை என்பதையே இங்கு கூற விழைகின்றோம்.

மாறுதலைத் தொடங்குமுன் செய்யவேண்டிய காரியம் இரண்டு. பிள்ளைகளின் கோப்புகளைப் பென் டிரைவிலோ தனி ஹார்ட் டிஸ்கிலோ படியெடுத்து, அதனைக் கணினியிலிருந்து கழற்றி வைப்பது ஒன்று. டாக்குமென்ட்ஸ் என்னும் பகுதியை மட்டும் எடுத்தால் போதாது. பிள்ளைகள் பாதி வேலைகளை டெஸ்க்டாப்பிலும், மறுபாதியை டவுன்லோட்ஸ் பகுதியிலும் போட்டு வைப்பது நாம் அறிந்ததே. படியெடுத்தபின் வேறொரு கணினியில் இரண்டொரு கோப்புகளைத் திறந்து பார்த்துவிடுவது நலம்.

மற்றொரு காரியம் பலர் அறியாதது. அண்மைக்காலத்து மடிக்கணினிகள் பலவற்றில் டிஸ்கு முழுவதும் பூட்டப்பட்ட நிலையில் இருக்கும். பிட்லாக்கர் என்றும், டிவைஸ் என்கிரிப்ஷன் என்றும் இதனை வழங்குவர். நாள்தோறும் உபயோகிக்கையில் அப்படி ஒரு பூட்டு இருப்பதே தெரியாது. அடிப்படை அமைப்பில் ஏதேனும் மாறினால் மட்டும் கணினி திடீரென்று 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அவ்வெண் இல்லையேல் உள்ளேயிருப்பதை எந்த மெக்கானிக்காலும் எடுக்க இயலாது. பொதுவாக அது, பூட்டப்பட்டபோது எவர் கணக்கு இருந்ததோ அவருடைய மைக்ரோசாப்ட் கணக்கில் பதிவாகியிருக்கும். கடைக்காரர் தம்முடைய கணக்கைக் கொண்டே கணினியைத் தயார் செய்து கொடுத்திருந்தால், எண்ணும் அவர் கணக்கிலேயே கிடக்கும்! ஆதலால் முன்கூட்டியே எண்ணைத் தேடி எடுத்து, ஒரு தாளில் எழுதி, பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல்கள் இருக்கும் உறையிலே போட்டு வைப்பது தக்கது.

இனி, நம் கணினி புதியதை ஏற்குமா என்ற கேள்வி. விண்டோஸ் 11க்குக் குறைந்தது 4 ஜி.பி. நினைவகமும், 64 ஜி.பி. சேமிப்பிடமும் வேண்டும். இன்டெல் செயலியாயின், ஒருசில விலக்குகள் நீங்கலாக, 2017இல் வெளிவரத் தொடங்கிய எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆக இருத்தல் வேண்டும். இவற்றோடு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பும், செக்யூர் பூட் என்னும் வசதியும் தேவை. 'பி.சி. ஹெல்த் செக்' என்று மைக்ரோசாப்ட் நிறுவனமே இலவசமாகத் தரும் சிறு மென்பொருள் இவற்றையெல்லாம் சோதித்துச் சொல்லிவிடும்.

அது "டி.பி.எம். இல்லை" என்று சொன்னதும் மனம் தளர்ந்து புதுக் கணினி வாங்கக் கிளம்ப வேண்டுவதில்லை. உறுப்பு உள்ளேயே இருந்தும், பயாஸ் என்னும் தொடக்க அமைப்பில் அணைத்து வைக்கப்பட்டிருக்கக் கூடும். இன்டெல் கணினிகளில் அது பி.டி.டி. என்ற பெயரிலும், ஏ.எம்.டி. கணினிகளில் எஃப்.டி.பி.எம். என்ற பெயரிலும் காணப்படும். அதனை இயக்கிவிட்டால் போதும். முன்சொன்ன பூட்டு இருக்குமாயின், பயாஸில் கைவைக்குமுன் அதனைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கவேண்டும். பழைய 'லெகசி' முறையில் விண்டோஸ் நிறுவப்பட்ட கணினியில் யு.இ.எஃப்.ஐ. முறைக்கு மாற்றினால் கணினி கிளம்ப மறுக்கும். அப்போதும் கலங்க வேண்டா; மாற்றியதை முன்போல் ஆக்கினால் கிளம்பிவிடும். கோப்புகளை அழிக்காமலே டிஸ்கின் அமைப்பை மாற்றும் கருவி விண்டோஸுக்குள்ளேயே உண்டு. ஆயினும் அதனைக் கையாள, விஷயமறிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதே உசிதம்.

மாறுதல் நடுவழியில் நிற்பதற்கு முக்கியமான காரணம் இடப் பற்றாக்குறை. திரையில் தோன்றும் பிழை எண் 80070070 என முடியுமாயின் அதுவே காரணம். 20 ஜி.பி. இடமாவது காலியாக இருக்கட்டும். திரைப்படங்களையும், தேவையற்ற விளையாட்டுகளையும் அகற்றினால் இடம் கிடைத்துவிடும். எண் 1900101 என முடிந்தால், அச்சுப்பொறி, ஒலி, திரை போன்ற ஏதோ ஓர் உறுப்பை இயக்கும் 'டிரைவர்' மென்பொருள் புதியதோடு ஒத்துப்போகவில்லை என்று பொருள். விசைப்பலகை, சுட்டி தவிர, வெளியே செருகியுள்ள அனைத்தையும் கழற்றிவிட்டு மறுபடியும் முயன்றால் பல சமயங்களில் நிறைவேறிவிடும். இவ்விரு நிலைகளிலும் கணினி தானாகவே பழைய விண்டோஸுக்குத் திரும்பிவிடும்; கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கும். வேலை நடந்துகொண்டிருக்கையில் மின்சாரத்தை நிறுத்துவதுதான் கெடுதல். பழைய ஹார்ட் டிஸ்கு உள்ள கணினியில் சதவீதக் கணக்கு ஒரே இடத்தில் நெடுநேரம் நிற்கலாம். மின்வெட்டு மிகுந்த கோடை நாட்களிலும், தேர்வுக்கு முந்திய வாரத்திலும் இதனைத் தொடங்காதிருப்பதே அறிவுடைமை. தசரா விடுமுறையோ, கிறிஸ்துமஸ் விடுமுறையோ ஏற்ற காலம்.

எல்லாம் முடிந்து திரை ஒளிர்ந்தபின், "அப்பா, என் புராஜெக்ட் எங்கே?" என்று குழந்தை கேட்டால், அது அழிந்துவிட்டது என்று உடனே முடிவுகட்டக் கூடாது. பெரும்பாலும் அது இடம் மாறியிருக்குமே தவிர அழிந்திராது. ஒன்டிரைவ் என்னும் சேமிப்பு வசதி இயங்கத் தொடங்கி, டெஸ்க்டாப்பை முழுவதும் தன்னுள்ளே இழுத்துக்கொண்டிருக்கலாம். ஒன்டிரைவ் கோப்புறைக்குள் டெஸ்க்டாப் என்ற பெயரிலேயே அது இருக்கும். அங்கு இலவச இடம் 5 ஜி.பி. மட்டுமே. அது நிறைந்துவிட்டால் பிள்ளைகள் புதிதாக எழுதுவது மேலே போய்ச் சேராது என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். சில வேளைகளில் கணினி தற்காலிகக் கணக்கு ஒன்றில் நுழைந்துவிடும். அப்போது திரை புத்தம் புதியதாகக் காட்சியளிக்கும். அந்நிலையில் எழுதும் எதுவும் வெளியேறியதும் மறைந்துவிடும். ஆதலால் ஒன்றும் எழுதாமல் வெளியேறி, கணினியை மறுபடி துவக்கிப் பார்க்கவேண்டும். இவ்விரண்டும் இல்லையெனில், சி டிரைவில் 'விண்டோஸ் ஓல்டு' என்ற கோப்புறையைத் திறந்து, 'யூசர்ஸ்' என்ற பகுதிக்குள் தேடலாம்.

புதியது பிடிக்கவில்லையாயின், அல்லது பள்ளி கேட்கும் மென்பொருள் அதில் ஓடவில்லையாயின், செட்டிங்ஸில் ரெகவரி என்ற இடத்தில் உள்ள 'கோ பேக்' பொத்தானை அழுத்திப் பழையதற்கே திரும்பலாம். இந்த உரிமை பத்து நாட்களுக்கு மட்டுமே. இடையில் நிறுவிய மென்பொருள்கள் போய்விடும். ஆகையால் வகுப்புக்கு வேண்டிய கேமரா, மைக், அச்சுப்பொறி, பள்ளியின் இணையதளம் ஆகியவற்றை முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள்ளேயே ஒருமுறை இயக்கிப் பார்த்துவிடுவது நல்லது. கேமரா இருண்டிருந்தால் அது கெட்டுவிட்டதென்று எண்ண வேண்டா. செட்டிங்ஸில் 'பிரைவசி' என்ற பகுதியில் அனுமதி மறுக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும்.

நம்மவர்க்கென்றே உள்ள தொல்லை ஒன்று உண்டு. அது தமிழ் எழுத்தைப் பற்றியது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளிலும், மும்பை மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளிகளிலும் பயிலும் பிள்ளைகள் இருக்கின்றனர். வீட்டிலேயே பெற்றோரிடம் தமிழ் எழுதப் பழகும் பிள்ளைகளும் பலர். வெளிமாநிலக் கடையில் கணினியைப் புதிதாக்கித் தருபவர்க்குத் தமிழ் விசைப்பலகை நினைவுக்கு வருமென்று எதிர்பார்ப்பதற்கில்லை. நாமே செட்டிங்ஸில் 'லாங்குவேஜ்' பகுதிக்குச் சென்று, தமிழைச் சேர்த்தல் வேண்டும். சேர்த்ததும் தோன்றுவது இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகையாயிருக்கக் கூடும். தமிழ்99 முறையிற் பழகியவர் அதில் தட்டினால் எழுத்துகள் தாறுமாறாக வரும். விசைப்பலகை பழுதென்று மயங்குவதும் உண்டு. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்ற அந்தத் தமிழ்99 முறையும், ஆங்கில ஒலிப்படி தட்டும் அஞ்சல் முறையும் இப்போது விண்டோஸிலேயே அடங்கியுள்ளன. வேண்டியதைத் தேர்ந்துகொண்டால் போதும். இன்ஸ்கிரிப்டுக்கும் ஒரு சிறப்பு உண்டு. அதில் இந்திய மொழிகள் எல்லாவற்றிற்கும் 'க' ஒரே விசையில்தான். பள்ளியில் இந்தியை இம்முறையில் தட்டக் கற்ற குழந்தைக்குத் தமிழ் பாதி தானே வந்துவிடும். 'அழகி', 'என்.எச்.எம். ரைட்டர்' போன்ற தனி மென்பொருள்களை வழங்கிவந்தவர்கள், கணினி முழுவதும் புதிதாக்கப்பட்டிருந்தால் அவற்றை மறுபடியும் நிறுவவேண்டும்.

பழைய கோப்பு திறந்ததும் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகள் குப்பைபோல் தோன்றினால், அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் எழுதப்பட்டதாயிருக்கும். அவ்வெழுத்துருவை மறுபடி நிறுவினால் தமிழ் திரும்பிவிடும். ஒருங்குறிக்கு மாற்றிவைத்தால் இத்தொல்லையே இல்லை. லதா என்ற எழுத்துருவில் எழுதிய கட்டுரை வேறு உருவில் தோன்றி, பக்கங்கள் கூடிக் குறையலாம். விண்டோஸ் 10 முதலே லதா தானாக வருவதில்லை. தமிழுக்குரிய துணை எழுத்துருக்களாக, 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' என்ற இடத்திலிருந்து அதனை வரவழைத்துக்கொள்ள வேண்டும். ஒப்படைப்புக்கு முந்திய இரவில் இதனைக் கண்டு பதறுவதைவிட, பி.டி.எஃப். கோப்பாகவும் ஒரு படி செய்துவைத்தல் எளிது.

புதியதை ஏற்காத பழைய கணினியை என் செய்வது? விதிகளைச் சுற்றிச் சென்று நிறுவும் தந்திரங்கள் உண்டு. அவ்வாறு நிறுவியதற்குத் திருத்தங்கள் வருமென்ற உறுதியை மைக்ரோசாப்ட் அளிப்பதில்லை. பிள்ளைகளின் பாடத்தை அதன்மேல் வைப்பதை நாம் விரும்பவில்லை. விண்டோஸ் 10 வைத்திருப்போர்க்கு 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்களை நீட்டித்துத் தரும் திட்டம் அறிவிக்கப்பட்டது. அது இடைக்கால ஏற்பாடே. லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளம் பழைய கணினிகளிலும் நன்கு இயங்கும். கேரளத்தில் வாழும் தமிழர்க்கு இது புதிதன்று. அங்குள்ள அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் கற்பதே லினக்ஸில்தான். உபுண்டு போன்றவற்றைப் பென் டிரைவிலிருந்தே இயக்கி, டிஸ்கைத் தொடாமல் சோதித்துப் பார்க்கலாம். பள்ளி எந்த மென்பொருளைக் கேட்கிறது என்று ஆசிரியரிடம் விசாரித்த பின்னரே முடிவு செய்யவேண்டும். உலாவியில் நடக்கும் வகுப்பு எதுவாயினும் நடக்கும், விண்டோஸுக்கென்றே எழுதிய மென்பொருள் ஓடாமற் போகலாம்.

இவ்வளவும் பார்த்த பின்னும் கடைக்குப் போக நேர்ந்தால், அது நேரு பிளேஸாயினும் லாமிங்டன் சாலையாயினும், கணினியைக் கொடுக்கும்போதே, "ஃபார்மேட் மத் கீஜியே, பஹலே டேட்டா காபி கர் லீஜியே" என்று தெளிவாகச் சொல்லி, ரசீதிலும் அதனை எழுதி வாங்கவேண்டும். படியெடுத்ததைத் திறந்து பார்த்த பின்னரே மேற்கொண்டு செய்யச் சம்மதிக்கலாம். ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. பொருத்தினால் பழைய கணினியும் விரைந்து இயங்கும். கழற்றிய ஹார்ட் டிஸ்கைக் கடையிலே விட்டுவராமல் கேட்டு வாங்கிவந்து, அந்த 48 இலக்கத் தாளோடு சேர்த்து வைத்துக்கொள்ளலாம்.