பட்டம் பெற்றபின் யாரிடம் கேட்பது?

மத்தேயு நற்செய்தி 20-ஆம் அதிகாரத்தில், மாலை ஐந்து மணிவரை சந்தைவெளியில் நின்றவர்களை நாம் அறிவோம். சும்மா நிற்பதேன் என்று திராட்சைத் தோட்டக்காரர் வினவியபோது, தங்களை எவரும் வேலைக்கு அமர்த்தவில்லை என்றனர். தோட்டத்தில் வேலை இருந்தது. சந்தையில் ஆள் இருந்தனர். இடையே செய்தி கொண்டுசெல்வாரில்லை.

கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை, வருசநாட்டுப் பக்கங்களிலிருந்து கருமாத்தூர் அருள் ஆனந்தர் கல்லூரிக்கும், பெரியகுளம் ஜெயராஜ் அன்னபாக்கியம் மகளிர் கல்லூரிக்கும் சென்று பட்டம் பெற்றுத் திரும்பும் நம் பிள்ளைகள் பலரின் நிலையும் இதுவே. இலவந்தோப்பிலும் தென்னந்தோப்பிலும் உழைத்துப் படிக்கவைத்த தந்தைக்கு, அலுவலகங்களில் பெரியப்பா, சித்தப்பா என்று எவருமில்லை. ஆகவே பங்குத்தந்தையிடம் சிபாரிசுக் கடிதம் கேட்டு வருகிறார். நன்னடத்தைச் சான்று தருவதில் நமக்குத் தடையில்லை. ஆயினும் கோயம்புத்தூரில் ஒரு நிறுவனத்தில் எப்போது இடம் காலியாகும் என்பது பங்குத்தந்தைக்கு எங்ஙனம் தெரியும்? அங்கே ஐந்தாண்டுகளாகப் பணிபுரியும் அதே கல்லூரியின் பழைய மாணவருக்குத் தெரியும்.

இதனை ஆராய்ந்து சொன்னவர் அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் மார்க் கிரனோவெட்டர். 1973-இல் வெளிவந்த அவரது கட்டுரையின்படி, அறிமுகமானவர் வழியே வேலை பெற்றோருள், அடிக்கடி சந்திக்கும் நண்பரால் பெற்றவர் நூற்றுக்குச் சுமார் 17 பேரே. மற்றையோர்க்கெல்லாம் உதவியவர், எப்போதேனும் அல்லது மிக அரிதாகச் சந்திக்கும் ஒருவரே! காரணம் எளிது. நெருங்கிய நண்பர் நாம் அறிந்ததையே அறிவார். எட்ட இருப்பவர் நாம் அறியாததை அறிவார்.

பழைய மாணவர் அத்தகைய எட்ட இருக்கும் உறவினர். ஆனால் கேட்கும் முறை ஒன்றுண்டு. "அண்ணா, ஒரு வேலை வாங்கித் தாருங்கள்" என்று தொடங்கினால் அவர் என்ன செய்வார்? தம்மால் இயலாது என்று ஒதுங்கிவிடுவார். தன் பெயர், ஊர், படித்த துறை, ஆண்டு ஆகியவற்றைத் தெரிவித்து, "உங்கள் நிறுவனத்தில் எம்மாதத்தில் ஆள் எடுக்கிறார்கள்? நான் இன்னும் என்ன கற்கவேண்டும்?" என்று கேட்டால் எவரும் மறுமொழி தருவர். வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அவருக்கு நன்றி தெரிவித்து எழுதவேண்டும். நம் பிள்ளைகள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

பெண்மக்கள் முன்பின் அறியாத ஆடவருக்கு எழுதுவதைத் தாய்மார் விரும்புவதில்லை. பெரியகுளம் கல்லூரி 1971-இல் தொடங்கப்பெற்றது. மதுரை பாத்திமா கல்லூரி 1953-இல். அங்குப் பயின்ற அக்காமார் எத்தனையோ ஊர்களில் இருக்கின்றனர். வேலையோடு, நம்பித் தங்கக்கூடிய விடுதியையும் அவர்கள் சொல்லக்கூடும்.

இது குறுக்குவழியன்றோ என்று சிலர் ஐயுறுவர். அரசுப் பணித் தேர்வில் எவர் சொல்லுக்கும் இடமில்லை. மூத்த மாணவன் என்று சொல்லிக்கொண்டு பணம் கேட்பவனை வீட்டுவாசலிலேயே நிறுத்துங்கள். செய்தி சொல்வது வேறு, தகுதியற்றவரைத் திணிப்பது வேறு. எனினும் பழைய மாணவர் வட்டமும் சாதி வட்டமாகச் சுருங்கிவிடக் கூடியதே. தன் தெருப் பிள்ளைக்கு மட்டும் காதோடு சொல்லப்படும் செய்தி, சேரியிலிருந்து முதன்முதலாகப் பட்டம் பெற்று வந்தவனை மாலை ஐந்து மணிவரை சந்தையிலேயே நிறுத்திவைக்கிறது.

இயேசு சபைத் தலைவர் அருட்தந்தை பேத்ரோ அருப்பே, 1973 ஜூலை 31 அன்று ஸ்பெயினின் வலேன்சியா நகரில் ஐரோப்பியப் பழைய மாணவரிடம் பேசுகையில், பிறர்க்காக வாழும் மனிதரை உருவாக்குவதே தம் கல்வியின் நோக்கம் என்றார். நீதிக்காக அவர்களைப் போதிய அளவு பயிற்றவில்லை என்றும் ஒளிவின்றி ஒப்புக்கொண்டார். பெரிய பதவிகளில் அமர்ந்திருந்த சிலருக்கு அது கசந்தது.

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு வெளியூரில் பணிபுரிவோர் ஊர் திரும்புவர். பூசை முடிந்ததும் கோவில் வாசலில் ஒரு மேசையும் ஒரு நோட்டும் வைத்து, இளைஞர் இருவர் அமர்ந்து, அவரவர் பெயர், படித்த கல்லூரி, முடித்த ஆண்டு, பார்க்கும் வேலை ஆகியவற்றை எழுதிக்கொள்ளட்டும். அந்த நோட்டு பங்கு அலுவலகத்தில் இருக்கட்டும். எந்தத் தெருப் பிள்ளை வந்து கேட்டாலும் பார்க்கக் கொடுக்கலாம்.