பந்தயக் காரை அடக்கும் கைக்கருவி! எது வாங்கலாம்?

திருத்தணி மலைப் பாதை. முருகனைக் கும்பிட்டுவிட்டு வண்டிகள் கீழே இறங்கி வருகின்றன. அனுபவம் உள்ள டிரைவர் என்ன செய்கிறார்? கியரைக் குறைத்துப் போடுகிறார். எஞ்சினே வண்டியின் வேகத்தைப் பிடித்து அடக்குகிறது. வளைவில் வண்டி பத்திரமாகத் திரும்புகிறது.

வேகமாக ஓட்ட யாராலும் முடியும். வளைவில் அடக்கி ஓட்டுவதுதான் வித்தை!

இந்த வித்தையை வீட்டுக்குள்ளேயே கற்றுத்தரும் விளையாட்டு ஒன்று உண்டு. அதுதான் "ஸ்லாட் கார்" பந்தயம்.

அழுத பையன்

மலை அடிவாரத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் இருக்கும் மாமா பந்தயக் கார் பெட்டி ஒன்றை அனுப்புகிறார். பையன் ஆசையோடு ஓட்டுகிறான். ஒவ்வொரு வளைவிலும் கார் துள்ளி விழுகிறது.

"அப்பா, இந்தக் கார் நல்லா இல்லை. வேற கார் வாங்கித் தாங்க!" என்று அழுகிறான்.

அப்பா அவசரப்பட்டுப் பணத்தைச் செலவு செய்யக்கூடாது. குற்றம் காரில் இல்லாமல் இருக்கலாம். பையன் கையில் இருக்கும் கருவியில் இருக்கலாம்!

பள்ளத்தில் ஓடும் கார்

இந்த விளையாட்டுக்கு உரிய தடத்தில் நீளமான பள்ளம் இருக்கும். காரின் அடியில் உள்ள முளை அந்தப் பள்ளத்துக்குள் ஓடும். பள்ளத்தின் இருபுறமும் உள்ள உலோகப் பட்டைகளில் இருந்து காருக்கு மின்சாரம் கிடைக்கும். ஸ்டியரிங் கிடையாது. கைக்கருவியின் விசையை அழுத்தி வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். அவ்வளவுதான்!

இங்கிலாந்தில் பிரெட் பிரான்சிஸ் என்பவர், முடுக்கிவிட்டால் ஓடும் பொம்மைக் கார்களைச் செய்து விற்றுவந்தார். பிறகு அவற்றில் மின்சார மோட்டாரைப் பொருத்தினார். 1957-ம் ஆண்டு "ஸ்கேலக்ஸ்ட்ரிக்" என்ற பெயரில் அந்தக் கார்கள் வெளிவந்தன. ஆரம்ப காலக் கருவியில் ஒரு பொத்தான்தான் இருந்தது. அழுத்தினால் ஓடும். விட்டால் மின்சாரம் நிற்கும்.

மின்விசிறியைப் பாருங்கள்

பிறகு வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி வந்தது. அதற்குள் மின்தடைக் கம்பி இருக்கும். பழைய மின்விசிறிகளுக்குச் சுவரில் பெரிய ரெகுலேட்டர் பெட்டி இருந்ததே, அதே தத்துவம்தான். வேண்டாத மின்சாரம் சூடாக மாறி வீணாகும்.

மின்தடையின் அளவை "ஓம்" என்று சொல்வார்கள். சிறிய மோட்டாருக்கு அதிக ஓம் வேண்டும். வலுவான மோட்டாருக்குக் குறைந்த ஓம் வேண்டும். பொருத்தம் தவறினால் கார் சொன்னபடி கேட்காது. லேசாகத் தொட்டதுமே பாயும். அல்லது அசையாமல் நின்று திடீர் என்று பாயும்.

எலெக்ட்ரானிக் கருவியில் இந்த வேலையை டிரான்சிஸ்டர் செய்கிறது. சில வகைகள் மின்சாரத்தை ஒரு நொடியில் பல நூறு முறை விட்டுவிட்டு அனுப்பி வேகத்தை அடக்கும். இதில் திருகு குமிழ்கள் இருக்கும். குமிழைத் திருப்பிக் காருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம். ஒரே கருவி பல கார்களுக்கு உதவும்.

பிரேக் முக்கியம்!

ஓடும் மோட்டார் ஒரு சிறிய மின்சார உற்பத்தி யந்திரமும் ஆகும். விசையை விட்டதும் நல்ல கருவி அந்த மோட்டாரின் இரு முனைகளையும் இணைத்துவிடும். அப்போது உண்டாகும் மின்சாரம் மோட்டாரின் சுழற்சியையே எதிர்த்துப் பிடிக்கும். மலைப் பாதையில் எஞ்சின் வண்டியைப் பிடிக்கிறதே, அது போல!

இரண்டே கம்பி உள்ள சாதாரணக் கருவிகளில் இந்த பிரேக் கிடையாது. மூன்றாவது கம்பி பிரேக்குக்காகவே வருகிறது. உயர்ந்த ரக எலெக்ட்ரானிக் கருவியில் பிரேக்கின் பலத்தையும் குமிழால் கூட்டிக் குறைக்கலாம்.

வாங்கும் முன்பு...

* தடம் சாதாரண ரகமா, டிஜிட்டல் ரகமா என்று பாருங்கள். டிஜிட்டல் தடத்துக்கு அதற்கு உரிய கருவிதான் வேண்டும்.

* நேர்முனை, எதிர்முனை மாறினால் சில எலெக்ட்ரானிக் கருவிகள் புகைந்துபோகும். கம்பிகளின் நிறத்தைப் பார்த்து இணையுங்கள்.

* வெளிநாட்டுப் பெட்டி என்றால் அடாப்டரைக் கவனியுங்கள். அமெரிக்க வீடுகளில் 120 வோல்ட். நம் வீடுகளில் 230 வோல்ட். அடாப்டரில் "100-240" என்று இருந்தால் பயம் இல்லை. "120" என்று மட்டும் இருந்தால் செருகவே கூடாது. ஆபத்து!

* பிள்ளையின் கையில் கொடுத்துப் பாருங்கள். விரல் விசைக்கு எட்ட வேண்டும்.

சிறு குழந்தைக்கு விலை உயர்ந்த கருவி தேவை இல்லை. பெட்டியோடு வந்ததே போதும். பிள்ளை அதில் நன்றாகப் பழகட்டும். வளைவுக்கு முன்பே விரலைத் தளர்த்தக் கற்றுக்கொள்ளட்டும். அதன் பிறகு எலெக்ட்ரானிக் கருவி வாங்கிக் கொடுத்தால், கொடுத்த பணத்துக்குப் பலன் உண்டு.

எவ்வளவு நல்ல கருவி ஆனாலும், வளைவைப் பார்க்க வேண்டியது கண்தான். அடக்க வேண்டியது விரல்தான்!