அம்மாவோடு நடக்க ஒரு பாதை: தேரா

பிரான்சில் வளர்ந்த நம் பிள்ளைகள் சிலர் ஜூன் கடைசியில் புரோவான்ஸ் பக்கம் போய், லாவண்டர் வயல்களுக்கிடையே நாலைந்து நாள் நடந்துவிட்டு வருகிறார்கள். கூட்டிப்போக ஆள் கிடையாது. பயண நிறுவனம் வரைபடமும் பாதைக்குறிப்பும் தரும். பெட்டிகளை அடுத்த ஊர் விடுதிக்கு வாகனத்தில் அனுப்பிவிடும். நெடுந்தூரப் பாதைகளில் கல்லிலும் மரத்திலும் வெள்ளை, சிவப்புக் கோடுகள் இருக்கும். அதே நிறங்களில் பெருக்கல் குறி கண்டால் பிழையான பாதை, திரும்பவேண்டும்.

எங்கள் மகளும் அப்படி ஒரு நடைக்கு ஆசைப்பட்டாள், ஆனால் அம்மம்மாவோடு. அம்மா யாழ்ப்பாணத்தில். அவவுக்கு ஐரோப்பா வர விசா சரிவரவில்லை. எனக்குக் கடவுச்சீட்டு மாறி வருடங்கள் ஆகியும் கட்டுநாயக்காவில் இறங்க மனம் துணியவில்லை. அகதிப் பயண ஆவணத்தோடு இருப்பவர்களுக்கு அந்தத் தெரிவே இல்லை. பிறந்த நாட்டைத் தவிர்த்துத்தான் அந்த ஆவணம் செல்லுபடியாகும். ஆகவே பலரைப் போல நாங்களும் நடுவழியில் டுபாயில் சந்தித்தோம். தங்கியது தேராவில். நடையையும் அங்கேயே வைத்துக்கொண்டோம்.

முதலில் காலம். லாவண்டர் பூக்கும் ஜூன், ஜூலையில் தேராவில் வெயில் நாற்பது பாகைக்கு மேலே போகும். நவம்பர் முதல் மார்ச் வரை நல்லது. பள்ளி விடுமுறையால் கோடையில்தான் வரமுடியும் என்றால் மாலை ஐந்துக்குப் பிறகு இறங்குங்கள். வெள்ளி காலையில் பல கடைகள் பூட்டியிருக்கும்.

மெற்றோவின் பச்சைத் தடத்தில் அல் ராஸ் நிலையத்தில் இறங்கி, கிறீக் எனப்படும் கடற்கழியை நோக்கி நடந்தால் சில நிமிடங்களில் மசாலாச் சந்தை. சாக்குகளில் உலர்ந்த எலுமிச்சை, குங்குமப்பூ, ஓமான் சாம்பிராணி, ரோஜா மொட்டு. கறுவா வாங்கும்போது கவனம்: நம் நாட்டுக் கறுவா மெல்லிய பட்டைகள் பலவாகச் சுருண்டு சுருட்டுப் போல இருக்கும், கையால் நொறுக்கலாம். ஒற்றைத் தடித்த பட்டையாக இருந்தால் அது வேறு இனம், விலையும் குறையவேண்டும்.

அந்தச் சாக்குகளுக்கு நடுவே ஊதா நிறத்தில் உலர்ந்த லாவண்டரும் இருந்தது. மகள் ஒரு பிடி அள்ளி அம்மம்மாவின் மூக்கருகே நீட்டினாள். "இதென்ன பிள்ளை, கற்பூரம் மணக்குது" என்றா அம்மா. நான் சிரித்தேன், ஆனால் அம்மா சொன்னதில் நியாயம் உண்டு. புரோவான்சின் தாழ்ந்த மேட்டுநிலங்களில், வலன்சோல் போன்ற இடங்களில், பெரும்பாலும் வளர்வது லவாந்தன் என்ற கலப்பினம். எண்ணெய் பல மடங்கு தரும். ஆனால் விதை பிடிக்காது, தண்டு வெட்டித்தான் நடவேண்டும். அதன் எண்ணெயில் கற்பூர மணம் கூடுதல். அசல் லாவண்டர் மலை உயரத்தில் வளரும், மணம் மென்மையானது. ஓத் புரோவான்சின் அசல் லாவண்டர் எண்ணெய்க்குப் பிரெஞ்சு அரசு 1981இல் மூலப்பெயர்ப் பாதுகாப்பு வழங்கியதும் இந்த வேறுபாட்டுக்காகத்தான்.

அங்கிருந்து தங்கச் சந்தை நடக்கிற தூரம். கூரை போட்ட தெரு, தரை சமம், நடுவில் இருக்கைகள். முழங்கால் நோவுள்ளவர்களுக்கு இதைவிட நல்ல தரிப்பிடம் இல்லை. கிராம் விலை எல்லாக் கடையிலும் அநேகமாக ஒன்றே. பேரம் பேசவேண்டியது செய்கூலியில்தான். எட்டுக் கிராம் ஒரு பவுண் என்று கணக்குப் பார்த்துக் கேளுங்கள். 2018 முதல் ஐந்து வீத வரி உண்டு. சுற்றுலாப் பயணி அதன் பெரும்பகுதியை விமான நிலையத்தில் மீளப்பெறலாம். கடையிலேயே அதற்கான பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கவேண்டும். நம்மவர்கள் பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

பக்கத்தில் வாசனைச் சந்தை. அத்தர் தோலாக் கணக்கில் விற்பார்கள், ஏறக்குறைய பன்னிரண்டு மில்லிலீற்றர். அகில் எண்ணெய் விலை கேட்டால் தலை சுற்றும். கேட்பதற்குக் காசில்லை, மணந்து பாருங்கள்.

பாதையில் இங்கே கோடு எதுவும் வரைந்திருக்காது. வழி தவறினால் "அப்ரா எங்கே" என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். அந்த மரப்படகில் பழைய சந்தைத் துறையிலிருந்து அக்கரை பர் டுபாய்க்கு ஒரு ஆளுக்கு ஒரு திர்ஹம். சில்லறை வைத்திருங்கள். ஏறும்போது படகு ஆடும். முதியவர்களை இரண்டு பக்கமும் பிடித்து ஏற்றி, நடுப்பலகையில் இருத்துங்கள்.

அம்மா ஊர்காவற்றுறைப் பிள்ளை. அக்கரையில் இறங்க மாட்டேன் என்றுவிட்டா. போய் வந்து, போய் வந்து, மூன்று பேருக்கு நான்கு தரம்: பன்னிரண்டு திர்ஹம்.