ஐந்தாம் மாதத்தில் இரத்தப்போக்கு: பொறுத்திருக்கலாமா?

சுபஹுத் தொழுகைக்காக எழும்புகிறீர்கள். வயிற்றில் ஐந்து மாதக் குழந்தை. ஆடையில் இரத்தக் கறை தெரிகிறது. நெஞ்சு திக்கென்கிறது. மாமியிடம் சொல்ல வெட்கம், கணவரோ வெளிநாட்டில். "கொஞ்சம் படுத்திருந்தால் நின்றுவிடும்" என்று பகல்வரை பொறுத்திருக்கிறீர்கள்.

அன்புச் சகோதரியே, அப்படிப் பொறுத்திருக்க வேண்டாம் என்று சொல்வதற்கே இக்கட்டுரை.

முதல் மூன்று மாதங்களில் சிறிது இரத்தம் படுவது பலருக்கும் நேர்வதுண்டு. நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை அது குறைவு. ஆகவே, ஒரு துளியாக இருந்தாலும் காரணத்தைக் கண்டறிய வேண்டும்.

காரணங்கள் யாவை?

சில காரணங்கள் சாதாரணமானவை. கருப்பைக் கழுத்தில் ஏற்படும் அழற்சி, சிறு சதை வளர்ச்சி, தாம்பத்திய உறவு ஆகியவற்றால் சற்று இரத்தம் கசியலாம்.

சூல்வித்தகம் (நச்சுக்கொடி) கருப்பையின் வாயை மூடியவாறு கீழே அமைந்திருப்பது இன்னொரு காரணம். இதில் பெரும்பாலும் வலி இராது. சிவந்த இரத்தம் திடீரென வரும். வலியில்லையே என்று ஏமாந்துவிடாதீர்கள். அதேவேளை, ஐந்தாம் மாத ஸ்கேனில் சூல்வித்தகம் கீழே இருப்பதாகச் சொன்னால் கலங்கவும் வேண்டாம். கருப்பை வளர வளர, பெரும்பாலானோருக்கு அது மேலே சென்றுவிடும். முன்பு சிசேரியன் செய்தவர்கள் மட்டும் இதில் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும்.

சூல்வித்தகம் கருப்பைச் சுவரிலிருந்து முன்கூட்டியே கழன்றுவிடுவது மிக ஆபத்தானது. வயிறு கல்லைப் போல் இறுகி, கடுமையாக வலிக்கும். இரத்தம் உள்ளேயே தேங்குவதால் வெளியே கொஞ்சமே தெரியலாம். உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும், வயிற்றில் அடிபட்டவர்களுக்கும் இது நேரும் வாய்ப்பு அதிகம்.

கருப்பைக் கழுத்து பலவீனமாகி, நோவின்றியே திறந்துகொள்வதும் உண்டு. உரிய காலத்தில் அறிந்தால் சிலருக்குத் தையல் போட்டுக் காப்பாற்ற முடியும்.

தாய்க்கும் சேய்க்கும் என்ன ஆபத்து?

இரத்தம் அதிகம் இழந்தால் தாய்க்கு மயக்கம், அதிர்ச்சி நிலை, உயிராபத்துக்கூட ஏற்படலாம். குழந்தைக்கு ஒட்சிசனும் போசணையும் குறையலாம். கரு கலையலாம், அல்லது நுரையீரல் முதிருமுன் பிறந்துவிடலாம். இரத்தவகை 'நெகட்டிவ்' ஆனவர்கள் அதை உடனே சொல்ல வேண்டும். அவர்களுக்குத் தேவையான 'அன்ரி-டி' ஊசியை 72 மணித்தியாலத்துக்குள் போடுவது நல்லது. தவறினால் அடுத்து வரும் குழந்தைகள் பாதிக்கப்படலாம்.

உடனே என்ன செய்வது?

* வீட்டாரிடம் சொல்லுங்கள். இதில் வெட்கம் வேண்டாம்.
* சுத்தமான பேட் ஒன்றை அணிந்து, எத்தனை நனைகின்றன என்று எண்ணிக்கொள்ளுங்கள். கட்டியாக ஏதும் வெளிவந்தால் எடுத்துச் சென்று காட்டுங்கள்.
* கிளினிக் பதிவேட்டையும் ஸ்கேன் அறிக்கையையும் எடுத்துக்கொண்டு மகப்பேற்று வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.
* இரத்தம் அதிகமாயிருந்தால், தலை சுற்றினால், வயிறு வலித்தால் 1990ஐ அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.
* ஸ்கேன் பார்க்குமுன் உள்ளே கைவிட்டுப் பரிசோதிக்க எவரையும் விடாதீர்கள். சூல்வித்தகம் கீழே இருந்தால் இரத்தம் பெருக்கெடுக்கும்.
* தாம்பத்திய உறவையும் பாரம் தூக்குவதையும் தவிருங்கள். கைமருந்தும் வேண்டாம்.

குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை. மகன் கட்டாரிலிருந்து 'கோல்' எடுக்கட்டும் என்று மருமகளை வைத்திருக்காதீர்கள். பெண் டொக்டர் இல்லையென்று திரும்பி வராதீர்கள். நிர்ப்பந்த வேளையில் ஆண் மருத்துவரிடம் காட்ட மார்க்கம் அனுமதிக்கிறது. ஓதிப் பார்ப்பதை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலும் செய்யலாம். இந்த இரத்தத்தோடு தொழலாமா என்பதில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதை ஆலிம் ஒருவரிடம் பின்னர் கேட்டுக்கொள்ளலாம். தனக்கோ குழந்தைக்கோ ஆபத்து என அஞ்சும் கர்ப்பிணிக்கு நோன்பிலும் சலுகை உண்டு.

வயிற்றில் வளரும் குழந்தை அல்லாஹ் தந்த அமானிதம். அவனிடம் துஆக் கேட்போம். நம்மால் இயன்ற முயற்சியையும் தாமதமின்றிச் செய்வோம். இன்ஷா அல்லாஹ், தாயும் சேயும் நலமாய் வீடு திரும்புவர்.