உதிரி பாகம்: கடையிலா, கைபேசியிலா?

சென்ற குளிர்காலத்தில் எங்கள் வண்டி பிரேக் போடும்போதெல்லாம் 'கிறீச்' என்று சத்தம் போட ஆரம்பித்தது. 2012-இல் வாங்கிய வேகன் ஆர். காலனி மெக்கானிக் முன் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "பேடு தேய்ந்துவிட்டது சாப், இந்த வாரத்துக்குள் மாற்றிவிடுங்கள்" என்றார். பக்கத்துக் கடையில் விசாரித்தேன், 1,450 ரூபாய். வீட்டில் மகன் சிரித்தான். "இந்தக் காலத்தில் யாராவது கடைக்குப் போவார்களா அப்பா?" என்று கைபேசியை நீட்டினான். அதே 'வேகன் ஆர் பிரேக் பேடு' நாற்பது சதவீதத் தள்ளுபடியில் 870 ரூபாய். வீட்டு வாசலிலேயே கொண்டு வந்து தருவார்களாம். எனக்கும் ஆசை விடவில்லை.

மூன்றாம் நாள் பெட்டி வந்தது. மெக்கானிக் பழையதைக் கழற்றிப் புதியதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஓரத்தில் இருக்கும் காது போன்ற பகுதி ஒத்துப்போகவில்லை. "இது பழைய வேகன் ஆருக்கு உள்ளது, உங்கள் வண்டிக்கு உட்காராது" என்று தேய்ந்ததையே திரும்ப மாட்டிக் கொடுத்தார். கூலி 300. பெட்டியைத் திரும்ப எடுத்துப்போக ஆள் வர நான்கு நாள், பணம் வர இன்னும் ஒரு வாரம். இதற்கிடையில் மருமகள் அந்த வண்டியில்தான் நொய்டாவில் ஆபீசுக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். ஒரு நாள் காலை மூடுபனியில் முன்னால் போன லாரி திடீரென்று நின்றுவிட, இவள் பிரேக்கை மிதித்து, ஒரு முழ இடைவெளியில் வண்டியை நிறுத்தினாள். வீட்டுக்கு வந்து அவள் சொன்ன பிறகு எனக்கு இரவு முழுவதும் தூக்கமில்லை. மறுநாளே காஷ்மீரி கேட் போய் வாங்கி வந்து மாட்டினோம்.

மிச்சம் பிடிக்க நினைத்தது 580 ரூபாய். வீண் கூலியும், இடையில் டாக்ஸிக்குக் கொடுத்ததும் சேர்ந்து அதைத் தாண்டிவிட்டது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதான். ஆனால் ஆன்லைன் வியாபாரத்தைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. தவறு என்னுடையது. விலையைப் பார்த்தேனே தவிர, எண்ணைப் பார்க்கவில்லை.

பெயர் ஒன்று, வண்டி மூன்று

வேகன் ஆர் இந்தியாவில் 1999 கடைசியில் வந்தது. 2010-இல் எஞ்சின் உட்பட மாறி வேறு வண்டியாயிற்று. 2019-இல் மறுபடியும் மாறியது. பெயர் மட்டும் ஒன்று. ஸ்விஃப்ட் முதலான மற்ற வண்டிகளின் கதையும் இதுவே. ஒரே வருடத்து வண்டியில்கூடப் பெட்ரோல், டீசல், சி.என்.ஜி. என்று பாகங்கள் மாறும். ஆகவே 'இன்ன வண்டிக்கு' என்று கேட்பது போதாது.

கேட்க வேண்டியது பார்ட் நம்பர். தயாரிப்பாளர் ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் எண் கொடுத்திருப்பார். அது பெட்டி லேபிளிலும், பல பாகங்களில் பாகத்தின் மேலேயே கூடவும் இருக்கும். தெரியாவிட்டால் உங்கள் ஆர்.சி. புத்தகத்திலுள்ள 17 இலக்கச் சேஸிஸ் எண்ணை எடுத்துக்கொண்டு, அங்கீகாரம் பெற்ற ஒர்க் ஷாப்பின் பார்ட்ஸ் கவுண்டரில் கேளுங்கள். உங்கள் வண்டிக்கு உரிய எண்ணைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். அதைக் குறித்து வைத்துக்கொண்டால் கடையிலும் கைபேசியிலும் ஏமாற வேண்டியதில்லை.

தள்ளுபடி எங்கிருந்து வருகிறது?

ஒரே பாகத்துக்கு நான்கு விலை இருப்பதைப் பார்த்து நம்மவர்கள் குழம்புகிறார்கள். அதற்குக் காரணம் உண்டு.

முதலாவது, கார் கம்பெனியின் பெயர் போட்ட பெட்டியில் வரும் 'ஜென்யூன்' பாகம். இதில் விலை அதிகம், தள்ளுபடி குறைவு. இரண்டாவது, அதே பாகத்தைக் கார் கம்பெனிக்குச் செய்து கொடுக்கும் தொழிற்சாலை தன் சொந்தப் பெயரில் விற்பது. பெரும்பாலான பாகங்களைக் கார் கம்பெனிகள் தாங்களே செய்வதில்லை. பிரேக், கிளட்ச், ஸ்டார்ட்டர் மோட்டார் எல்லாம் வெளியிலிருந்துதான் வாங்குகிறார்கள். இதில் நாம் பெருமைப்பட இடமிருக்கிறது. சென்னை பாடியைச் சுற்றி வளர்ந்த பிரேக்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., மற்றும் ரானே குழுமம் போன்றவற்றின் சரக்கு நாடு முழுவதும் ஓடுகிறது. தில்லிக் கடையில் வாங்கிய பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் 'சென்னை' என்று அச்சிட்டிருப்பது அபூர்வமல்ல. கார் கம்பெனியின் பெட்டியும் அதன் லாபமும் இல்லாததால் விலை குறைகிறது. நேர்மையான தள்ளுபடி பெரும்பாலும் இந்த வகையில்தான் கிடைக்கும்.

மூன்றாவது, வேறு சிறு தொழிற்சாலைகள் அதே அளவில் செய்து தம் பெயரிலேயே விற்பவை. கடைக்காரர்கள் இதை 'லோக்கல்' என்பார்கள். தரம் ஆளுக்கு ஆள் மாறும். தரை மேட், வைப்பர் போன்றவற்றுக்குப் பரவாயில்லை. நான்காவது, அசல் பெட்டியைப் போலவே பெட்டி அச்சிட்டு உள்ளே மட்டமான சரக்கை வைக்கும் போலி. இது தள்ளுபடி அல்ல, திருட்டு. கடையிலும் உண்டு, ஆன்லைனிலும் உண்டு. 2024-இல் இதே தில்லியில் போலி ஏர்பேக் செய்து விற்றவர்களைப் போலீசார் பிடித்து நூற்றுக்கணக்கில் கைப்பற்றினார்கள். விபத்து நேரத்தில் விரிய வேண்டிய பை விரியாவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு தள்ளுபடியும் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் வண்டி பாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். அதற்கு முன் பெரும்பாலானவற்றுக்கு 28. வரியோடு 128 ரூபாயாக இருந்த பொருள் 118-க்கு வர வேண்டும். பழைய விலையைக் காட்டி 'எட்டு சதவீதம் குறைத்திருக்கிறேன்' என்று ஒருவர் சொன்னால், அவர் கையிலிருந்து எதுவும் கொடுக்கவில்லை.

காஷ்மீரி கேட்டில்

ஊரில் கார் சாமான் என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, பழைய சாமான் என்றால் புதுப்பேட்டை. தில்லியில் புது பாகங்களுக்குக் காஷ்மீரி கேட், இரு சக்கர வண்டிக்குக் கரோல் பாக், பழைய இரும்புக்கு மாயாபுரி. காஷ்மீரி கேட் மெட்ரோவில் மூன்று தடங்கள் சந்திக்கின்றன. போய் வருவது சுலபம்.

அங்கே கடைக்காரர் முதலில் கேட்பது "சாம்பிள் லாயே ஹோ?" என்பதுதான். பழைய பாகத்தைக் கொண்டு வந்தீர்களா என்கிறார். கடையின் பெரிய பலமே இது. பழையதையும் புதியதையும் மேஜையில் அருகருகே வைத்துப் பார்த்துவிடலாம். பொருந்தாவிட்டால் அங்கேயே மாற்றிக்கொள்ளலாம். ஆனால் இரண்டு எச்சரிக்கை. விலையைச் சொல்லிவிட்டு "பக்கா பில் வேண்டுமா, கச்சாவா?" என்பார். கச்சா என்பது வெறும் துண்டுச் சீட்டு. வரி மிச்சமாகும், ஆனால் பாகம் பழுதானால் அவர் உங்களைப் பார்த்ததாகவே ஞாபகம் இருக்காது. பக்கா பில்லே வாங்குங்கள். இரண்டாவது, மின்சார சம்பந்தமான பாகங்களை ஒரு தடவை மாட்டிவிட்டால் பல கடைகளில் திரும்ப வாங்குவதில்லை. பணம் கொடுக்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மெக்கானிக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாகத்தை நாமே வாங்கிக் கொடுத்தால் அவருக்குக் கடையில் கிடைக்கும் கமிஷன் போகிறது. அதனால் முகம் சுளிப்பார். அதே சமயம் அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. "சாமான் நீங்கள் கொண்டு வந்தால் என் வேலைக்கு மட்டும்தான் நான் பொறுப்பு" என்றார் எங்கள் மெக்கானிக். கூலியை முன்கூட்டிப் பேசிவிட்டால் மனஸ்தாபம் வராது.

எதை எங்கே வாங்கலாம்?

நான் இப்போது கடைப்பிடிக்கும் கணக்கு எளிது. அந்தப் பாகம் நடுரோட்டில் கெட்டுப்போனால் என்ன நடக்கும்? எரிச்சல் மட்டும்தான் என்றால் கைபேசியில் தேடலாம். வைப்பர், ஏர் ஃபில்டர், ஏ.சி. ஃபில்டர், மேட், சீட் கவர், கண்ணாடி மூடி ஆகியவை இந்த ரகம். பழைய மாடல்களுக்குக் கடைகளில் கிடைக்காத சின்னச் சின்னப் பொருள்கள்கூட ஆன்லைனில் அகப்படுகின்றன. மாருதி 800 உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. அதை இன்னும் வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய உதவி. சிறிய ஊர்களில் வேலை பார்க்கும் நம் உறவினர்களுக்கும் அப்படியே.

உயிருக்கு ஆபத்து என்றால், அதாவது பிரேக், ஸ்டீரிங், சஸ்பென்ஷன், ஏர்பேக் போன்றவை என்றால், அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் நேரில் போய் பில்லோடு வாங்குவதே நல்லது. ஏர்பேக்கை அங்கீகாரம் பெற்ற ஒர்க் ஷாப்பிலேயே மாற்ற வேண்டும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2325 என்றால் 2025-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. ஓடாவிட்டாலும் ரப்பர் காலப்போக்கில் இறுகும். அதனால் பழைய சரக்கைத் தள்ளுபடியில் தலையில் கட்டப் பார்ப்பார்கள். எண்ணையும் ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் மாட்டும் முன்பே பாருங்கள். பேட்டரிக்கு விலை கேட்கும்போது 'பழையதைக் கொடுத்தால் எவ்வளவு, கொடுக்காவிட்டால் எவ்வளவு' என்று இரண்டையும் கேளுங்கள். ஆன்லைனில் காட்டும் குறைந்த விலை, பழையதைக் கொடுத்த பிறகு உள்ள விலையாக இருக்கலாம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் தன்மை உடையது. சீல் உடைந்த டப்பா எந்த விலைக்கும் வேண்டாம். எஞ்சின் ஆயில் மாற்றியதும் காலி டப்பாவில் நீங்களே ஓர் ஓட்டை போட்டுவிடுங்கள். பாகம் வந்த பெட்டியையும் கிழித்துப் போடுங்கள். கபாடிக்காரர் கைக்கு முழுசாகப் போனால் அது போலிச் சரக்கோடு திரும்பி வரலாம்.

சட்டம் நம் பக்கம்

பொட்டலமாக விற்கும் பொருளில் தயாரிப்பாளர் பெயர், விலாசம், தயாரித்த மாதம், வருடம், எம்.ஆர்.பி. எல்லாம் இருக்க வேண்டும் என்பது விதி. எம்.ஆர்.பி.க்கு மேல் ஒரு பைசாவும் கேட்கக்கூடாது. 2020-ஆம் வருட மின்வணிக விதிகளின்படி, விற்பவர் யார், எந்த விலாசம் என்று ஆன்லைன் தளம் காட்ட வேண்டும். பழுதான, போலியான, விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளைத் திரும்ப வாங்க விற்பவர் மறுக்க முடியாது. புகார் கொடுத்தால் 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். பெட்டியைப் பிரிக்கும்போது கைபேசியில் வீடியோ எடுத்து வைத்தால் வாதத்துக்கு உதவும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் நாம் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை.

'வெளியில் பாகம் வாங்கினால் வாரண்டி போய்விடும்' என்ற பயமுறுத்தலும் உண்டு. உதிரி பாகங்களை வெளிச்சந்தையில் தாராளமாகக் கிடைக்க விடவில்லை என்று 2014-இல் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. பிறகு மேல்முறையீட்டில் சில கம்பெனிகளுக்கு அபராதத் தொகை குறைந்தது வேறு விஷயம். அந்த உத்தரவில், வெளியில் ரிப்பேர் செய்துகொண்டார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை முழுவதுமாக ரத்து செய்யக்கூடாது, அந்த வேலையால் கெட்டுப்போன அளவுக்கு மட்டுமே மறுக்கலாம் என்று ஆணையம் சொன்னது. இருந்தாலும் வாரண்டி உள்ள புது வண்டி என்றால் புத்தகத்தில் உள்ள நிபந்தனைகளை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு சின்ன நோட்டு இருக்கிறது. அதில் சேஸிஸ் எண், மாற்றிய பாகங்களின் எண், தேதி, கடை, பில் எண் எல்லாம் எழுதி வைத்திருக்கிறோம். கைபேசியிலும் தேடுகிறோம், கடைக்கும் போகிறோம். பிரேக் சம்பந்தப்பட்டது என்றால் மட்டும் தள்ளுபடியைப் பற்றி மகன் பேச்செடுப்பதில்லை. மருமகள் ஆபீசுக்குக் கிளம்பும்போது நோட்டை நான்தான் ஒரு தடவை புரட்டிப் பார்க்கிறேன்.