பியர்டட் டிராகனின் உணவும் நோயாளி வாழும் வீடும்

புற்றுநோய் மருந்தேற்றமோ உறுப்பு மாற்றுச் சிகிச்சையோ பெறுபவரின் குடும்பத்தாரிடம், வீட்டில் வளர்ப்புப் பிராணி உண்டா என்று நாங்கள் கேட்பது வழக்கம். ‘பியர்டட் டிராகன்’ என்பது விடையாயின், அதற்கு உணவளிப்பவர் யார் என்பதே எங்கள் அடுத்த வினா.

ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதிக்குரிய இப்பிராணி, நம் வேலியோர ஓணானின் குடும்பத்தைச் சேர்ந்தது. பூச்சி, இலை இரண்டும் அதன் உணவு. குட்டிப் பருவத்தில் பூச்சிகளே பெரும்பகுதி. வளர்ந்தபின் இலைகளே பெரும்பகுதியாக வேண்டும். விரும்பி உண்கிறதே என்று வளர்ந்த பிராணிக்கும் நாள்தோறும் கொழுப்பு மிகுந்த புழுக்களை அளித்தால், உடல் பருத்துக் கல்லீரலில் கொழுப்பு படியும். மனிதருக்கு நாங்கள் கூறும் அறிவுரையிலிருந்து இது அதிகம் வேறுபட்டதன்று.

கவனம் மிகுதியும் வேண்டுவது கால்சியத்தில்தான். உணவில் பாஸ்பரஸைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு கால்சியம் இருத்தல் நலம். சுவர்க்கோழி போன்ற பூச்சிகளிலோ பாஸ்பரஸே மிகுதி. ஆகவே பூச்சிகளுக்கு ஒரு நாள் முன்னதாகவே நல்ல கீரையும் காய்கறியும் ஊட்டி, அளிக்கும் வேளையில் பாஸ்பரஸ் கலவாத கால்சியம் தூளைத் தூவ வேண்டும். பூச்சியின் அளவு, பிராணியின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தை மிஞ்சலாகாது. கடுகுக் கீரை, டர்னிப் இலை, துருவிய பூசணி ஆகியவை ஏற்றவை. பாலக் கீரையிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிணைத்துவிடுவதால், அதனை அன்றாட உணவாக்க வேண்டா. அவகாடோ நஞ்சு. மின்மினி ஒன்றே உயிரைப் பறிக்கப் போதுமானது. பூச்சிமருந்து பட்டிருக்கக்கூடும் என்பதாலும் தோட்டத்துப் பூச்சிகளைப் பிடித்து அளிக்கலாகாது.

உண்ட கால்சியம் உடலில் சேர வைட்டமின் டி வேண்டும். அது உருவாகப் புற ஊதா ‘பி’ கதிர் வேண்டும். சன்னல் கண்ணாடி இக்கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும். அதற்குரிய விளக்கிலும், வெளிச்சம் குன்றாதிருக்கும்போதே கதிரின் வலிமை மாதங்கள் செல்லச் செல்லக் குறையும். குறைபாடு முற்றினால் தாடை மென்மையாகும். கால்கள் வளையும், நடுங்கும். குழந்தைகளிடம் நாங்கள் காணும் ரிக்கெட்ஸ் நோய்க்கு ஒப்பான நிலை இது. உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

நன்கு உண்டு நலமாய் இருக்கும் பிராணியின் குடலிலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். அமெரிக்காவில் 2012 முதல் 2014 வரை பியர்டட் டிராகன்கள் வழியே பரவிய ஒருவகைச் சால்மோனெல்லா நூற்றுக்கும் மேற்பட்டோரைத் தாக்கியது. அவர்களில் பாதிக்கும் மேலானோர் சிறு குழந்தைகள். பிராணியைத் தொடாதவருக்கும் அதன் உணவுத் தட்டு, கூண்டு, பூச்சிப் பெட்டி வழியே கிருமி வந்து சேரலாம். ஆதலின் அத்தட்டைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். இலை நறுக்கத் தனிக் கத்தியும் பலகையும் வைத்துக்கொள்ளுங்கள். உணவளித்தபின் சோப்பிட்டு இருபது நொடி கை கழுவுங்கள்.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையோ நோயெதிர்ப்பாற்றல் குன்றியவரோ உள்ள வீட்டில் ஊர்வன வளர்க்காதிருப்பதே நலம் என்பது எங்கள் கருத்து. ஆயினும், தாயோ தந்தையோ நோயுற்றிருக்கும் வேளையில் அன்புக்குரிய பிராணியையும் பிரிவது சிறுவருக்கு எளிதன்று. சிகிச்சை முடியும்வரை உறவினர் வீட்டில் விட இயலுமா என்று பாருங்கள். விளக்கும் கால்சியம் தூளும் உணவுப் பட்டியலும் அதனுடன் செல்லட்டும். இயலாவிடில், உணவளிப்பதும் கூண்டைத் துப்புரவு செய்வதும் நோயாளியைப் பராமரிக்காத, நலமுள்ள பெரியவர் ஒருவரின் பொறுப்பாகட்டும்.

மருந்தேற்றம் பெறுபவருக்குக் காய்ச்சல் கண்டால், இரவாயினும் காத்திராமல் மருத்துவமனைக்கு வாருங்கள். வயிற்றுப்போக்கும் இருப்பின், வீட்டில் இப்பிராணி இருப்பதைப் பணியிலுள்ள மருத்துவரிடம் முதலிலேயே தெரிவியுங்கள். எந்தக் கிருமியைத் தேட வேண்டும் என்பது எங்களுக்கு விரைவில் விளங்கும்.